எங்கள் குழுவில் படித்த நாலு புத்தகம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு முன்னால் பேசியவர்கள் கடன் இணைப்பைப் பற்றிப் பேசினார்கள், தையல் பயிற்சியைப் பற்றிப் பேசினார்கள். என்னைச் செயலாளர் அக்கா, "நீ படிச்ச புத்தகத்தைப் பத்திப் பேசு" என்றார்கள். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. அடுப்பு, ரெண்டு மாடு, ரெண்டு பிள்ளைங்க, இதுதான் என் உத்தியோகம். புத்தகத்தைப் பற்றி வாத்தியார்கள் பேசலாம், நான் என்ன பேசுறது? அப்புறம் யோசித்தேன். குழம்பு நல்லாருக்கா இல்லையான்னு சொல்றதுக்குச் சமைச்சவங்கதான் வரணுமா? சாப்பிட்டவங்களும் சொல்லலாம். நான் எழுதுறவ இல்லை, படிக்கிறவ. அந்த உரிமையில் பேசுகிறேன்.

குழுப் பணத்தைக் கட்டுவதற்காகப் பிரதிநிதி அக்காவுடன் டவுனுக்குப் போவேன். வங்கியில் டோக்கன் வாங்கிவிட்டு உட்கார்ந்தால் ரெண்டு மணி நேரம் ஆகும். வங்கிக்குப் பின் தெருவில் கிளை நூலகம் இருக்கிறது. ஒருநாள் நிழலுக்காக உள்ளே போனேன். நூலகர் அம்மா, "உறுப்பினராகச் சேர்ந்தால் வீட்டுக்கே எடுத்துட்டுப் போகலாம்மா" என்று சொன்னார்கள். சேர்ந்தேன். முதல் புத்தகத்தை மாட்டுத் தீவனப் பைக்குள் வைத்துத்தான் கொண்டுவந்தேன். பார்த்தவர்கள், "என்னா, கலெக்டர் பரிட்சைக்குப் படிக்கிறியா?" என்று கேட்டார்கள். கேட்கட்டும்.

தனியாகப் படித்ததை எங்கள் குழுவில் சொல்ல ஆரம்பித்தேன். சேமிப்பு வசூல் முடிந்து, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்ட பிறகு அரை மணி நேரம் வாசிப்பேன். பன்னிரண்டு பேரில் நாலு பேருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. ஆனால் காது எல்லோருக்கும் உண்டு. இப்படி ஒன்றரை வருடத்தில் படித்த புத்தகங்களில் நாலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ரெண்டு கதை, ரெண்டு நடந்தது.

முதல் புத்தகம் ஒரு ஆட்டைப் பற்றியது. பெருமாள்முருகன் எழுதிய "பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை". 2016-இல் வந்தது. யாரோ ஒரு ஆள் ஒரு கிழவனிடம் ஒரு கறுப்புக் குட்டியைக் கொடுத்துவிட்டுப் போகிறான். ஒரே ஈத்தில் பிறந்த ஏழு குட்டியில் ஒன்று. உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி, பூனைக்குட்டி மாதிரி இருக்கிறது. கிழவி அதற்குப் பூனாச்சி என்று பேர் வைத்து, இருக்கிற ஆடுகளிடம் பால் குடிக்க வைக்கப் பாடுபட்டு, பிள்ளை மாதிரி வளர்க்கிறாள்.

இதை வாசித்தபோது எங்கள் குழுவில் மூத்தவங்க ஒருத்தர், "இந்தக் கெழவி எங்க மாமியாதான். அதும் இப்படித்தான் செத்துப்போவும்னு எல்லாரும் கைவிட்ட குட்டியத் தூக்கி மடியில வெச்சிக்கும்" என்றார்கள். நம்மில் ஆட்டுக் கடன் வாங்காத குழு எது? குட்டிக்குக் கழிச்சல் வந்தால் ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருந்திருக்கிறோம். அதனால் இந்தக் கதையை யாரும் நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கதையில் ஒரு இடம் வருகிறது. அந்த நாட்டில் ஒவ்வொரு ஆட்டையும் அதிகாரிகளிடம் காட்டிக் காது குத்திப் பதிவு செய்ய வேண்டும். வெயிலில் நீள வரிசை. குட்டி எங்கே கிடைத்தது, யார் கொடுத்தது, ஏன் கறுப்பாக இருக்கிறது என்று கேள்வி மேல் கேள்வி. கிழவி நடுங்குகிறாள். ஒரு சான்றிதழுக்கு ஆறு தடவை அலைந்த நமக்கு அந்த நடுக்கம் தெரியும். வாசிக்கும்போது எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பூனாச்சியும் ஒரு ஈத்தில் ஏழு குட்டி போடுகிறது. கிழவன் கிழவிக்குப் பணம் வருகிறது. குட்டிகளை விற்கிறார்கள். நம் கணக்கு நோட்டில் அது வரவு. குட்டியைத் தேடிக் கத்துகிற தாய் ஆட்டுக்கு அது என்ன? ஆட்டின் பக்கம் நின்று அந்த ஆசிரியர் எழுதுகிறார். எல்லோரும் அதனிடமிருந்து எடுக்கிறார்கள், உனக்கு என்ன வேண்டும் என்று அதை ஒருத்தரும் கேட்கவில்லை. நம் வீடுகளிலும் அப்படிக் கேட்கப்படாத ஒரு ஜீவன் இருக்கிறது, அது யார் என்று நான் சொல்லவே வேண்டாம். அப்புறம் பஞ்சம் வருகிறது. முடிவை நான் சொல்ல மாட்டேன். நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.

ரெண்டாவது, நடந்த வரலாறு. ஆ. இரா. வேங்கடாசலபதி எழுதிய "திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908". 2024-ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாடமி விருது வாங்கிய புத்தகம். படிக்கக் கொஞ்சம் கடினம்தான். நான் ஒரு தடவைக்கு ரெண்டு பக்கம் என்றுதான் படித்தேன்.

கப்பலோட்டிய தமிழர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். சினிமாவும் பார்த்திருக்கிறோம். ஆனால் கூட்டுப் பணம் சேர்க்கிற பெண்கள் என்கிற முறையில் அந்தக் கதையைப் பார்த்தால் வேறு விதமாகத் தெரிகிறது. வ.உ.சி. 1906-இல் தொடங்கிய சுதேசி கப்பல் கம்பெனிக்கு மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு. 25 ரூபாய்தானே என்று நினைக்காதீர்கள். அன்றைக்கு வெள்ளைக்காரன் தங்கச் சவரன் ஒன்றுக்கு வைத்திருந்த மதிப்பே 15 ரூபாய்தான். அப்படியானால் ஒரு பங்கு என்பது ஒன்றரைச் சவரனுக்கும் மேல். இதைச் சொன்னதும் எங்கள் குழுவில் எல்லோர் கையும் தானாகக் கழுத்துக்குப் போனது. தாலிக்கொடியைத் தொட்டுப் பார்க்கிற கணக்கு அது.

எதிரே நின்றது வெள்ளைக்காரன் கம்பெனி. அவன் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனான். கடைசியில் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு, கூட ஒரு குடையும் தருவதாகச் சொன்னான் என்று சொல்வார்கள். நாம் மசாலாப்பொடி போட்டு விற்கிறோம், சோப்புத்தூள் போடுகிறோம். பெரிய கம்பெனிக்காரன் ஒரு பாக்கெட் வாங்கினால் ஒரு டப்பா இலவசம் என்கிறான். நூறு வருடத்துக்கு முந்திய அந்தக் குடைதான் இன்றைக்கு டப்பாவாக வந்திருக்கிறது.

1908 மார்ச் 12-இல் வ.உ.சி.யைக் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலியே பொங்கி எழுந்தது. கடைகளை அடைத்தார்கள். அரசாங்கக் கட்டடங்கள் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் இறந்தார்கள். நமக்குத் தலைவர் பேர் தெரியும், தெருவில் இறங்கியவர்கள் யார் என்று தெரியாது. இந்தப் புத்தகம் அந்தச் சாதாரண ஜனங்களைத் தேடிப் போகிறது. அதுதான் எனக்குப் பிடித்தது.

இன்னொன்றும் தோன்றியது. தலைவரை உள்ளே தள்ளியதும் கம்பெனி நிற்க முடியாமல் போய்விட்டது. வெள்ளைக்காரன் செய்த கொடுமை அது, அதில் சந்தேகமில்லை. ஆனால் நாம் நம் குழுக்களைப் பார்க்க வேண்டும். ஊக்குநர் ஊருக்குப் போனால் கூட்டம் நடக்காத குழு எத்தனை? ஒருத்தருக்கு மட்டும் கணக்குத் தெரிந்த குழு எத்தனை? ஒருத்தர் தோளில் நிற்கிற வண்டி, அவர் நகர்ந்தால் குடை சாய்ந்துவிடும்.

மூன்றாவது, "நான் மலாலா". பாகிஸ்தானில் ஸ்வாத் என்கிற மலைநாட்டுப் பெண். பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று பேசியதற்காக 2012 அக்டோபர் 9-ஆம் தேதி பள்ளிக்கூட வண்டிக்குள் ஏறிச் சுட்டார்கள். அப்போது வயது 15. பிழைத்து வந்து, 17 வயதில், 2014-இல் நோபல் பரிசு வாங்கினாள். இதெல்லாம் நம் பிள்ளைகளுக்கே தெரியும்.

நான் அந்தப் புத்தகத்தில் மலாலாவைவிட அவளுடைய அம்மாவைத்தான் அதிகம் பார்த்தேன். அந்த அம்மா சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். தன் வயதுப் பெண்கள் எல்லாம் வீட்டில் விளையாட, தான் மட்டும் போவது பிடிக்காமல், புத்தகங்களை 9 அணாவுக்கு விற்று மிட்டாய் வாங்கித் தின்றுவிட்டாள். அதோடு படிப்பு முடிந்தது. பிற்பாடு பள்ளிக்கூடம் நடத்துகிறவரையே கட்டிக்கொண்டாள். வீடு நிறையப் புத்தகம், அவளுக்கு மட்டும் எழுத்துத் தெரியாது. பிள்ளைகள் எல்லாம் வளர்ந்த பிறகு, படிக்கலாம் என்று முடிவெடுத்தாள். முதல் பாடத்துக்கு அவள் கிளம்பிய அதே நாளில்தான் மகளைச் சுட்ட செய்தி வந்தது.

இதைப் படித்தபோது என்னால் அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த தங்கச்சி புத்தகத்தை வாங்கி மீதியை வாசித்தாள்.

நம்முடைய குழுக்கள் ஆரம்பித்த காலத்தில் கைநாட்டு வைத்த பெரியம்மாக்கள் எத்தனையோ பேர் இன்றைக்குக் கையெழுத்துப் போடுகிறார்கள். நாம் பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அக்கா, கையெழுத்துப் போடத் தெரிவதும் படிக்கத் தெரிவதும் ஒன்றா? பேர் எழுதுகிறோம், எந்தக் காகிதத்தில் எழுதுகிறோம் என்று தெரிகிறதா? வீட்டு வாசலில் வந்து கடன் கொடுக்கிறவன் நீட்டுகிற எட்டுப் பக்கத்தில், கையெழுத்துப் போடுகிற கோடு மட்டும்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. வட்டி எவ்வளவு, தவணை தவறினால் என்ன, யார் யாருக்கு ஜாமீன் என்பது மீதி ஏழு பக்கத்தில் இருக்கிறது. கதைப் புத்தகம் படித்துப் பழகிய கண், அந்த ஏழு பக்கத்தையும் படிக்காமல் விடாது. படிக்கிற பழக்கத்தால் என்ன லாபம் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்கிற முதல் பதில் இதுதான்.

நாலாவது புத்தகத்துக்கு வருகிறேன். நம்ம விருத்தாசலம் பக்கத்து எழுத்தாளர் இமையம் எழுதிய "செல்லாத பணம்". 2018-இல் வந்த நாவல். 2020-ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாடமி விருது வாங்கியது. இதை வாசிக்கலாமா வேண்டாமா என்று குழுவில் ரெண்டு கூட்டம் பேசித்தான் ஆரம்பித்தோம்.

ரேவதி என்று ஒரு பெண். இன்ஜினியரிங் படித்தவள். அப்பா நடேசன் தலைமை ஆசிரியர். வசதியான குடும்பம். பர்மாவிலிருந்து வந்த குடும்பத்துப் பையன், ஆட்டோ ஓட்டுகிற ரவியைத்தான் கட்டுவேன் என்று நின்று கட்டிக்கொள்கிறாள். அப்பா மனசு விட்டுப்போகிறார். அங்கே அவள் வாழ்க்கை அடியும் குடியுமாகப் போகிறது. கடைசியில் தீக்காயத்தோடு ஜிப்மர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். கதையில் பெரும்பகுதி அந்தத் தீக்காய வார்டின் வாசலில்தான் நடக்கிறது. அப்பா, அம்மா அமராவதி, அண்ணன் முருகன் எல்லோரும் உள்ளே போக முடியாமல் வெளியே காத்துக் கிடக்கிறார்கள். பணம் எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை, காப்பாற்றுங்கள் என்கிறார் அப்பா. அந்த இடத்தில் பணம் செல்லவில்லை. அதுதான் தலைப்பு.

நம்ம பக்கத்தில் பெரிய கேஸ் என்றால் எங்கே கொண்டுபோவோம்? ஜிப்மருக்குத்தான். அந்த மரத்தடியில் துண்டை விரித்துப் படுக்காத குடும்பம் நம் ஊர்களில் குறைவு. அதனால் வாசிக்க வாசிக்க இது கதை என்கிற நினைப்பே எங்களுக்குப் போய்விட்டது. பேர் தெரியாத பெண்களுக்காக அழுகிறோமே, அந்த வார்டில் ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு ரேவதி இருக்கிறாள் என்று புத்தகம் காட்டுகிறது.

எனக்கு இந்தப் புத்தகத்தில் ஒரு குறையும் உண்டு. எல்லோரும் பேசுகிறார்கள், எல்லோரும் அழுகிறார்கள், ரேவதி பேசுவது மட்டும் குறைவு. அவள் பக்கத்தை அவள் வாயாலேயே இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும் என்று ஏங்கினேன். குழுவில் இதைச் சொன்னபோது ஒரு அக்கா, "நெசத்துல மட்டும் அவளப் பேச விட்டாங்களா? புஸ்தகத்துல மட்டும் எப்படிப் பேசுவா?" என்று கேட்டார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

எங்கள் குழுவில் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அவங்க சம்மதத்தோடுதான் சொல்கிறேன், பேர் வேண்டாம். அந்த அக்காவின் மகள் நாலு வருடத்துக்கு முன்னால் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை. போட்டோவைக்கூடச் சுவரிலிருந்து எடுத்துவிட்டார்கள். "செல்லாத பணம்" மூன்றாவது கூட்டத்தில் வாசித்துக்கொண்டிருந்தபோது, அந்த அக்கா பாதியில் எழுந்து போய்விட்டார்கள். கோபித்துக்கொண்டார்களோ என்று பயந்தோம்.

அடுத்த கூட்டத்துக்கு வந்தார்கள். சேமிப்புப் பணத்தை வைத்துவிட்டு, "நான் போன் பண்ணிட்டேன்" என்றார்கள். மகள் எடுத்ததும் ரெண்டு பேரும் ஒன்றும் பேசவில்லையாம். அப்புறம் மகள், "மல்லாட்டை புடுங்கியாச்சாம்மா?" என்று கேட்டிருக்கிறாள். அம்மாவும் ஆச்சு என்றிருக்கிறார்கள். நாலு வருடம் கழித்துப் பேசிய முதல் பேச்சு அதுதான். "என் பேத்தி எனக்குத் தெரியாமலே நடக்கப் பழகிட்டா" என்று சொல்லி அழுதார்கள்.

அடுத்தடுத்த வாரம் மகள் மற்றதையும் சொன்னாள். நகை அடகுக்குப் போனது, மாப்பிள்ளை குடித்துவிட்டு அடிப்பது எல்லாம். போன் செய்யாமல் இருந்திருந்தால் இது எதுவும் வெளியே வந்திருக்காது. குழுவிலிருந்து மூன்று பேர் அந்த அம்மாவோடு போய் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தோம். பெண்களுக்கான உதவி எண் 181 என்பதை அவள் போனில் போட்டுக் கொடுத்தோம். அவள் வாழ்க்கை இனி எப்படிப் போகும் என்று நான் ஜோசியம் சொல்ல முடியாது. ஆனால் அடி விழுந்த ராத்திரி எந்தக் கதவைத் தட்டலாம் என்று அவளுக்கு இன்றைக்குத் தெரியும். ரேவதிக்கு அது தெரியாமல் போனது.

சில பேர் கேட்கிறார்கள், கஷ்டத்தைத்தான் தினமும் பார்க்கிறோமே, புத்தகத்திலும் அதையே படிக்கணுமா, டிவியில் இல்லாததா என்று. டிவியில் வருவதைப் பார்த்து அழுதுவிட்டு, விளம்பரம் வந்ததும் மறந்துவிடுகிறோம். புத்தகத்தில் நாம் விரும்புகிற இடத்தில் நிறுத்தலாம். நிறுத்தி, இது நம் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளலாம். பேச வேண்டியவர்களிடம் காலத்தோடு பேசிவிட வேண்டும் என்பதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு நாவல் சொல்லிக் கொடுத்தது.

கடைசியாகக் கூட்டமைப்புக்கு மூன்று வேண்டுகோள்.

ஒன்று, நாம் ஒவ்வொருவரும் வீட்டு வரி கட்டுகிறோம். அதில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி சேர்ந்திருக்கிறது. 1948-ஆம் வருடச் சட்டத்திலிருந்து வருவது. நூலகம் யாரோ நமக்குப் போடுகிற தர்மம் இல்லை, நாம் காசு கொடுத்த பொருள். 2006-க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளுக்கு நூலகக் கட்டடம் கட்டினார்கள். சில ஊர்களில் அது நன்றாக நடக்கிறது. சில ஊர்களில் பூட்டிக் கிடக்கிறது, உள்ளே சிமெண்ட் மூட்டை அடுக்கியிருக்கிறது. அந்தச் சாவியைக் கேட்டு நம் கூட்டமைப்பு ஒரு தீர்மானம் போட வேண்டும். கிராம சபையில் நாம் நாற்பது பேர் எழுந்து நின்று கேட்டால் சாவி கிடைக்காமல் போகாது. திறந்து வைக்கவும் கூட்டிப் பெருக்கவும் குழுக்கள் முறை வைத்துக்கொள்ளலாம்.

ரெண்டு, எல்லாக் குழுக்களிலும் மாதம் ஒரு கூட்டத்திலாவது அரை மணி நேரம் வாசிப்பு வைக்க வேண்டும். படிக்கத் தெரிந்தவர் படிக்கட்டும், தெரியாதவர் கேட்கட்டும். கேட்டுக் கேட்டு அவர்களும் எழுத்தைப் பிடித்துவிடுவார்கள்.

மூன்று, இன்றைக்குக் கோலப் போட்டியில் ஜெயித்தவர்களுக்கு எவர்சில்வர் டப்பா தரப்போகிறார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை, எனக்கும் ஒன்று கிடைக்கப்போகிறது. அடுத்த வருடம் அந்த டப்பாவுக்குள் ஒரு புத்தகமும் வைத்துக் கொடுங்கள்.

 என்னிடம் இப்போது "பூனாச்சி" இருக்கிறது. பதினைந்தாம் தேதிக்குள் நூலகத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குள் படித்துத் தருகிறவர்கள் பந்தி முடிந்ததும் வந்து வாங்கிக்கொள்ளலாம்.